சும்மா கிடக்கிற நிலம்

விடியுமுன்பே வாயாடியும் அவள் புருஷனும் சேற்றில் இறங்கிவிட்டார்கள். இடுப்புயரம் வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்து நின்ற சணப்புச் செடிகளைச் சாய்த்து, காலால் மிதித்து மண்ணுக்குள் அமுக்கினார்கள். பூத்த கையோடு மடக்கினால்தான் அது உரம். முற்றினால் வெறும் நார். தண்டு குத்திப் பாதம் எரிந்தது. கட்டாந்தரையாய்க் கிடந்த குத்தகை நிலம், இப்படிப் போகத்துக்குப் போகம் மிதித்துத்தான் இளகியிருந்தது.

வரப்பில் நிலக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, அறுக்காம மிதிக்கிறே?"

"மண்ணுக்கு உரம்யா. அடுத்த போகம் நல்லா விளையும்."

"போன மாசம் கேட்டப்ப என்ன சொன்னே? 'சும்மா சணப்பு போட்டிருக்கோம்'னுதானே? நிலத்தைச் சும்மா போட்டா திருப்பிக் குடுத்துடணும், அதான் நம்ம பேச்சு. நாளைக்கு டிராக்டர் வரும்."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுய்யா..."

"உன் வாய்தானே சொல்லிச்சு?"

ஊரையே பேச்சில் விற்றுவிடுகிறவள் தன் வாய்ப்பேச்சிலேயே மாட்டிக்கொண்டாள். கெட்டுக் கிடந்தவரை யாருக்கும் வேண்டாத நிலம், பொன்னானதும் அவர் கண்ணை உறுத்துகிறது. இதற்குப் பெயர் திருட்டு அல்லாமல் வேறென்ன?

ஒரு சொல்லால் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று பகலெல்லாம் மருகினாள். சாயங்காலம் பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழும் ஒட்டடைக்குச்சி வந்தான். அவனுக்கும் அதே நிலக்காரர்தான்.

"சணப்பு விதை மிச்சம் இருக்காக்கா? அவர் நிலத்துல குத்தகைக்கு உழுற எல்லாரும் கேக்குறாங்க."

"பைத்தியமாடா? உன் நிலமும் போயிடும்."

"இன்னிக்கு உன்னுது. நாளைக்கு வேற ஏதாவது சொல்லி என்னுதையும் பிடுங்குவாரு. எல்லாருமே சணப்பு போட்டா எத்தனை பேரைத் துரத்துவாரு? பயமாத்தான் இருக்கு. தனித்தனியா பயப்படறதுக்குப் பதிலா சேர்ந்தே பயப்படுவோமே!"

மறுநாள் டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தபோது, அறுவடை முடிந்த வயல்களிலெல்லாம் ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே வந்த நிலக்காரர் கத்தினார்.

"எல்லாரும் என்னடா பண்றீங்க?"

ஒட்டடைக்குச்சி ஒரு பிடி விதையை வீசினான். "சும்மா சணப்பு போடுறோம்யா."

"நாங்களும் சும்மாதான்யா," என்றாள் அடுத்த வயல்காரி.

டிராக்டர்காரன் நிலக்காரரைப் பார்த்தான்; இன்ஜினை அணைக்கவில்லை. வாயாடி தன் வயலுக்குள் இறங்கி, டிராக்டருக்கு நேர் எதிரே மிச்சமிருந்த சணப்பைச் சாய்த்து மிதித்தாள்.

"நானும் சும்மாதான்யா," என்றாள்.