தாடியஸ் பூட்டிய கதவு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைப் பயிற்சிக்கு நான் போனது மதியச் சாப்பாட்டுக்காக. பொரித்த மீன் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கதை கிடைத்தது உபரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அந்த ஞாயிற்றுக்கிழமை வெடித்த துப்பாக்கி–

(வேண்டாம். துப்பாக்கியை முதல் வரியில் வைத்தால் நீங்கள் தாடியஸைப் பார்க்கவே மாட்டீர்கள்.)

2.
தாடியஸ் பெட்டிஃபோர்டுக்கு எழுபத்தொரு வயது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வடக்கே எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையில், இருபத்தாறு வருடங்களாக வாசலில் நின்று கைகுலுக்கி வரவேற்பவர். பயிற்சி தர வந்தவர் ஓடெட்டா, முன்னாள் அவசரப் பிரிவு நர்ஸ். துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்று சபை சபையாகப் போய்ச் சொல்லித்தருபவர்.

"பாட்டு ஆரம்பிச்சதும் கதவைப் பூட்டிடணும், பிரதர்."

"பூட்டறதுக்கு இது என்ன பேங்கா, சிஸ்டர்?"

"பேங்க்ல காவலுக்கு ஆள் இருக்கு. இங்க நீங்கதான் இருக்கீங்க."

குண்டடிபட்டவராக நடிக்கத் தாடியஸையே படுக்கவைத்தார் ஓடெட்டா. தொடையில் பட்டையைச் சுற்றி ரத்தம் நிற்க இறுக்கும்போது, மனிதர் கண்ணைச் செருகிக்கொண்டு மனைவிக்குக் கடைசி வார்த்தைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இவ்ளோ பேசறவர் பொழைச்சுக்குவார்," என்றார் ஓடெட்டா. "அடுத்தவரைப் பாருங்க."

(ஓடெட்டா இந்த வேலைக்கு வந்த காரணத்தை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவருடைய பழைய சபையில் மூன்று பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நான் புனைவது நியாயமில்லை.)

3.
மறுவார ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில், தெருவில் மூன்று வெடிச்சத்தம். கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் கற்றுக்கொண்டபடி பெஞ்சுகளுக்கடியில் ஒடுங்கினோம். அப்போது கதவை யாரோ அறைந்தார்கள்.

"தொறங்க! ரத்தம் நிக்கல!" பெண் குரல்.

போலீஸ் வரும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது விதி. எங்களைப் பார்க்க வந்திருந்த ஓடெட்டா, பெஞ்சுக்கடியிலிருந்து தலையாட்டி மறுத்தார். தாடியஸ் தாழில் கைவைத்து–

(இந்த வரியைப் பதினோரு முறை எழுதினேன். ஒன்றில் அவர் வீரர், இன்னொன்றில் முட்டாள். நிஜத்தில் அவர் "இதோ வந்துட்டேம்மா" என்றார். தாழ் மூன்றாவது தடவைதான் நகர்ந்தது.)

பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் உள்ளே விழுந்தாள். தொடையெல்லாம் ரத்தம். தாடியஸ் அவளை இழுத்துப்போட்டு, மறுபடி பூட்டி, ஓடெட்டா வந்து சேர்வதற்குள் பட்டையைச் சுற்றிவிட்டார்.

"இறுக்கினா வலிக்கும்மா. கத்துங்க, தப்பில்ல."

அவள் திட்டினாள். எங்கள் சபை அதுவரை கேட்டிராத வார்த்தைகள். பெஞ்சுக்கடியிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள்.

பிழைத்துக்கொண்டாள்.

4.
புதன்கிழமை, சபையின் நிர்வாகக் குழுக் கூட்டம். ஒன்பது பேரில் நானும் உண்டு.

"நீங்க செஞ்சது தப்பு, பிரதர்," என்றார் ஓடெட்டா. "சுட்டவன் அவ பின்னாடியே வந்திருந்தா? உள்ள நாப்பது பேரு."

"தெரியும், சிஸ்டர்."

"தொறக்காம இருந்திருந்தா உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன். அது தெரியுமா?"

தாடியஸ் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாசலில் தொடரலாமா என்று வாக்கெடுப்பு. வேண்டும் நான்கு, வேண்டாம் நான்கு. மிச்சம் என் கை.

(முடிவு ஒன்று: வேண்டும் என்று கை தூக்குகிறேன். முடிவு இரண்டு–)

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.