மெஹ்மான்கானாவுக்கு என்ன வரி

1949ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் ஒரு சந்தில், ஹாஜிரா பீ வீட்டு வாசலில் புதிய பலகை மாட்டப்பட்டது. நீலப் பலகை, மஞ்சள் எழுத்து.

ஹாஜிரா பீ கோஷாப் பெண்மணி, அந்நிய ஆண்கள் முன்னால் வராதவர். மாடி ஜன்னல் தட்டியின் இடுக்கு வழியாகத்தான், மாட்டுவதற்கு முன் தெருவில் கிடத்தியிருந்த பலகையைப் பார்த்தார். எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. உருது படிப்பார், அரபி ஓதுவார். தமிழ் பேச வருமே தவிர எழுத்துக் கூட்டவும் தெரியாது.

கணவர் விட்டுப்போன வீடு அது. கீழே அவர் மட்டும் குடியிருந்தார். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, தனிப் படிக்கட்டு. சித்திரை வெயில் ஏறியதும் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் வியாபாரக் குடும்பங்கள் கடற்காற்று வாங்கப் பட்டணத்துக்கு வரும். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் தங்குவார்கள். கோஷாப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போக முடியாது. அவர்களுக்கு ஹாஜிரா பீயின் மாடி வசதியாக இருந்தது. ஒரு குடும்பம் பதினைந்து நாள், இன்னொரு குடும்பம் ஒரு மாதம் என்று ஆடி வரையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். சமையல்காரியை அவர்களே அழைத்து வருவார்கள். அந்த வாடகையில்தான் ஹாஜிரா பீ ஆண்டு முழுவதும் யார் கையையும் எதிர்பாராமல் சாப்பிட்டார்.

போன வருஷம் ஒரு குடும்பம் ஜட்கா வண்டியில் சந்து சந்தாகச் சுற்றி, வீடு தெரியாமல் சாந்தோமுக்கே போய்விட்டது. அதனால்தான் இந்தப் பலகை. எழுதியவர் வடிவேலு, இதே சந்துக்காரர், வடபழனியில் சினிமாக்காரர்களுக்குப் பின்னணிப் படுதா வரைபவர், ஓய்ந்த நேரத்தில் கடைப் பலகையும் எழுதுவார். ஹாஜிரா பீ கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "மெஹ்மான்கானான்னு எழுது. ஜட்காக்காரனுக்குப் புரியற மாதிரி தமிழ்ல எழுது" என்று சொல்லியிருந்தார்.

பலகை மாட்டியதிலிருந்து புதிதாக ஒரு தொல்லை தொடங்கியது. உச்சி வேளையில் யார் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். "இன்னா பாய், ரெடியா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் திண்டி கேட்டான். பட்டணத்தில் பிச்சைக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்று நினைத்து ஹாஜிரா பீ தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டார்.

அடுத்த வாரம் கதவிடுக்கில் ஓர் ஆங்கிலக் கடிதம் கிடந்தது. கணவரின் தம்பி குலாம் முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினார். பெரியமேட்டில் தோல் தரகு பார்ப்பவர். ஆங்கிலமும் உருதும் படித்தவர். தமிழ் எழுத்து அவருக்கும் எட்டாது. பின்வாசல் வழியாக வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து, உருதுவில் சொன்னார்.

"பாபீ, மாகாண சர்க்காரின் விற்பனை வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் ஓட்டல் நடத்துகிறீர்களாம். கணக்குக் கேட்கிறார்கள். புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பார்களாம்."

"நான் எங்கே மியான் ஓட்டல் நடத்துகிறேன்?"

"வெளியூர்க்காரரைத் தங்கவைத்துக் காசு வாங்கினால் அதற்குப் பெயர் ஓட்டல்தான். இன்றைக்கு விற்பனை வரி என்பார்கள். நாளைக்குக் கார்ப்பரேஷன்காரன் வந்து லைசென்ஸ் என்பான். அப்புறம் வீட்டு வரியை மூன்று மடங்காக்குவான். உங்களால் ஆகுமா?" குலாம் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். "ராயப்பேட்டைக் காகித வியாபாரி ஒருவர் கிடங்குக்கு இடம் தேடுகிறார். மாடியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். மாதா மாதம் வாடகை, வம்பில்லை."

ஹாஜிரா பீ யோசித்துப் பார்த்தார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு ஒருமுறை குடிவந்தவரை யாரும் எளிதில் கிளப்ப முடிவதில்லை என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். மாடி போனால் போனதுதான். அந்நிய ஆணிடம் வாடகை வசூலிக்கிற பொறுப்பும் குலாம் முகம்மதுவிடம் போய்விடும். பிறகு உப்புக்கும் புளிக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவர்.

"வாணியம்பாடிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்களே."

"வர வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிடலாம்."

"புதன்கிழமை போகட்டும். அப்புறம் தந்தி கொடுங்கள்" என்றார் ஹாஜிரா பீ.

புதன்கிழமை காலை வந்த அதிகாரியின் பெயர் ரகுபதி. மயிலாப்பூர்க்காரர்தான், ஒல்லியான மனிதர், கையில் குடை. குலாம் முகம்மது அவரைக் கூடத்தில் உட்காரவைத்தார். ஹாஜிரா பீ உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்றார். திரைக்கு வெளியே அவர் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இலை போடறேள்?" என்று ரகுபதி கேட்டார்.

ஹாஜிரா பீ திரைக்குள்ளிருந்து பதில் சொன்னார். "இலையா? நான் ஒருத்திதானே கீறேன். எனக்குத் தட்டு."

"அதைக் கேக்கலேம்மா. வியாபாரத்தைக் கேக்கறேன். சமையல்கட்டைப் பாக்கலாமா?"

குலாம் முகம்மது அழைத்துப் போய்க் காட்டினார். கீழே ஒற்றை அடுப்பு, அதில் ஒரு சின்னச் சட்டியில் பருப்பு. மாடிச் சமையற்கட்டில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மூலையில் பூனை ஒன்று படுத்திருந்தது. ரகுபதி பூனையைப் பார்த்தார், பிறகு குலாம் முகம்மதுவைப் பார்த்தார்.

"என்ன சார் இது? வாசல்ல 'இங்கே விருந்துச் சாப்பாடு கிடைக்கும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேள். உள்ளே வந்தா பூனைக்கே சாப்பாடு இல்லே!"

"இன்னாது?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் உயர்ந்தது. "மெஹ்மான்கானான்னுதானே எழுதச் சொன்னேன்! விருந்தாளி தங்கற வீடுன்னு!"

குலாம் முகம்மது வாசலுக்குப் போய்ப் பலகையை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். பார்த்தும் அவரால் படிக்க முடியவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த வடிவேலுவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

வடிவேலு வண்ணக் கறை படிந்த லுங்கியோடு வந்து நின்றார். "இன்னா நைனா, எழுத்துல எதுனா கோளாறா?"

"எழுத்தில் இல்லை. நீ எழுதியதில். இதென்ன சாப்பாடு?"

"பீபிதானே சொல்லிச்சு? மெஹ்மான்கானான்னு. எனக்கு வௌங்கல. அம்பட்டன் வாராவதிகிட்ட ஒரு பாயைக் கேட்டுகினேன். மெஹ்மான்னா விருந்தாளின்னாரு. கானான்னா எனக்கே தெரியுமே, சோறு! தமிழ்ல எழுதுன்னு சொல்லிச்சு, எழுதிட்டேன்."

"அடப் பாவி!" என்றார் ஹாஜிரா பீ. "அது வேற கானா, இது வேற கானா! இது வீடு! தவாகானாவுக்குப் போனா சோறா போடறாங்க? மருந்துதானே குடுக்கறாங்க!"

"ரெண்டும் கானாதானே பீபி. எனக்கு இன்னா தெரியும்?"

ரகுபதி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நன்னாக் கேட்டேள்! ஜிம்கானா கிளப்புல ஜிம்மையா சாப்பிடறா?" அவர் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. குலாம் முகம்மதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வடிவேலு மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் வண்ணம் விற்கிற விலையில் இன்னொரு தடவை எழுத வேண்டுமே என்பது அவர் கவலை.

"அப்ப எனக்கு வரி?" என்று ஹாஜிரா பீ கேட்டார். அந்தக் குரல் மெதுவாக வந்தது.

ரகுபதி திரையின் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "நான் மாகாண சர்க்கார் ஆள்மா. என் வரி, பொருள் வித்தா வரி. அரிசி வித்தா, துணி வித்தா, இலை போட்டுக் காசு வாங்கினா. நீங்க விக்கறது ஒண்ணும் இல்லே. தங்க ஜாகை கொடுக்கறேள். காத்துக்கும் ஜாகைக்கும் நான் வரி போட முடியாது. எனக்கு இங்கே வேலையே இல்லே."

"வீட்டு வரி?"

"அது கார்ப்பரேஷன். அது ஒரு தனி ஆபீஸ், என்கிட்ட வராது. இப்பவும் கட்டிண்டுதானே இருக்கேள்?"

"அரையாண்டுக்கு அரையாண்டு கட்டறேன்."

"மாடி வாடகையைச் சொல்லித்தான் கட்டறேளா?"

திரைக்கு வெளியே தெரிந்த கால் விரல்கள் உள்ளே போயின. "யாரும் கேக்கல" என்றார் ஹாஜிரா பீ.

"கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்கோ. லைசென்ஸ் வேணுமான்னும் அங்கேயே கேட்டுடுங்கோ. அதைச் சொல்ல வேண்டியவா அவா."

அவர் போன பிறகு குலாம் முகம்மது தந்தியைப் பற்றிப் பேச வாயெடுத்தார். ஹாஜிரா பீ முந்திக்கொண்டார். "மியான், ஒரு ரிக்‌ஷா பிடியுங்கள். திரை கட்டியது. கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போகிறோம்."

"நீங்களா?"

"என் வீடுதானே?"

ரிக்‌ஷா கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் நின்றது. ஹாஜிரா பீ இறங்கவில்லை. குலாம் முகம்மது உள்ளே போய்க் கேட்பார், வந்து சொல்வார். திரைக்குள்ளிருந்து பதில் போகும். இப்படி மூன்று நடை நடந்த பிறகு, அலுத்துப்போன குமாஸ்தாவே எழுந்து வெளியே வந்தார்.

"மாடியை அறை அறையாப் பிரிச்சு, வர்றவன் போறவனுக்கு விடறீங்களா?"

"இல்ல. ஒரு சமயத்துக்கு ஒரே குடும்பம். அவங்களே ஆக்கிக்குவாங்க."

"அப்ப அது ஓட்டல் இல்லே, லைசென்ஸ் வேணாம். சாதாரண வாடகை. வாடகை எவ்வளவுன்னு சொல்லிட்டுப் போங்க. வரி கொஞ்சம் ஏறும்."

"எவ்வளவு ஏறும்?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டது.

குமாஸ்தா சொன்னார். ஹாஜிரா பீ மனதுக்குள் கணக்குப் பார்த்தார்; வாணியம்பாடிக் குடும்பத்தின் இரண்டு நாள் வாடகை. ரிக்‌ஷாவுக்குள் யாரும் பார்க்காததால் முக்காட்டை விலக்கி, நன்றாக மூச்சு விட்டார். வேப்பம்பூ வாசனை அடித்தது. அது அவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"மியான்" என்று கூப்பிட்டார். "காகிதக்காரருக்கு வேறு இடம் பாருங்கள்."

"பார்க்கிறேன், பாபீ" என்றார் குலாம் முகம்மது. திரும்பும் வழியில் அவர் தனக்குள் ஒருமுறை "ஜிம்மையா சாப்பிடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தது ஹாஜிரா பீக்குக் கேட்டது.

வியாழக்கிழமை வடிவேலு பலகையை இறக்கி, 'வெளியூர்க் குடும்பங்கள் தங்கும் வீடு' என்று எழுதி மாட்டினார். பாதிக் கூலிதான் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வாணியம்பாடிக் குடும்பம் ஜட்காவில் நேராக வாசலில் வந்து இறங்கியது. அந்த அரையாண்டு வீட்டு வரி குமாஸ்தா சொன்னபடி ஏறியது. ஹாஜிரா பீ அதைக் கட்டினார்.