முட்புதருக்குள் மூப்பர்

"மூப்பர் தாத்தா, நீங்க போகாத முள்ளுக்குள்ள பிப்பை மட்டும் ஏன் போகச் சொல்றீங்க?"

ஞாயிறு பள்ளியில் பாடத்துக்கு நடுவே மாப்லி என்ற சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். அவள் கேட்டது சபை மூப்பர் இத்தெல் ப்ரோபர்ட்டை. வேறொருவராக இருந்தால் பிள்ளையின் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். இத்தெல் நியாயத்துக்குப் பயந்த மனிதர். மறுநாள் காலையே மண்டியிட்டு முட்புதருக்குள் நுழைந்துவிட்டார்.

பிப் அவருடைய இளம் ஸ்பேனியல் நாய். ஆசைக்கு வாங்கியதல்ல. அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஃபெசன்ட் கோழி வேட்டை நடக்கும். துப்பாக்கிக்காரர்கள் ஒரு பக்கம் நிற்க, விரட்டுக்காரர்கள் வரிசையாகக் காட்டைத் தட்டிக்கொண்டே வந்து பறவைகளைக் கிளப்புவார்கள். இத்தெல் இளவயது முதல் அந்த வரிசையில் நடந்தவர். மனைவி போன பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து அவர் சாப்பிடுவது அன்றைக்குத்தான். வைக்கோல் கொட்டகையில் ஆட்டுக்கறி சூப்பு, கூடவே கேலியும் கிண்டலும். இப்போது இடுப்பு தேய்ந்துவிட்டது.

காட்டுக் காவலர் தெக்வென், எப்போதும் கடுகு நிற ஸ்வெட்டரில் திரியும் பெண்மணி, நேராகவே சொல்லிவிட்டார். "மூப்பரே, மழுப்ப விரும்பல. புதருக்குள்ள போற ஆள் வேணும், இல்லாட்டி போற நாய் வேணும். சூப்பு குடிக்க மட்டும் ஒருத்தரை வரிசையில நிறுத்த முடியாது."

"நாய் பழக்கிக் கொண்டாரேன், தெக்வென்."

"கொண்டாங்க. வேட்டை தொடங்குறதுக்கு முந்தின சனிக்கிழமை நானே பார்ப்பேன். ஆனா சீஸ் துண்டு போட்டு இழுக்கிற வேலையெல்லாம் வேணாம். சீஸுக்குப் போற நாய் சீஸுக்குத்தான் போகும்."

பிப் புல்வெளியில் இடமும் வலமுமாகக் காற்றுபோல ஓடும். விசில் கேட்டால் அந்த இடத்திலேயே உட்காரும். முட்புதர் வந்துவிட்டால் மட்டும் நின்றுவிடும். வீட்டுக்காரர் முதலில் நுழையட்டும் என்று வாசலில் காத்திருக்கும் விருந்தாளியைப் போல, மரியாதையாக இத்தெலைப் பார்க்கும்.

அதனால் அவரே முதலில் நுழைந்தார். பழக்குவதற்கென்று வைத்திருந்த துணிப்பொதியைப் புதருக்குள் எறிந்துவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து போனார். நிமிர்ந்து நடக்க மறுத்த இடுப்பு தவழ்வதற்கு ஏனோ ஒத்துழைத்தது. முதல் நாள் பொதியைக் கையில் கொண்டுவந்தார். தவழக் கை தேவைப்பட்டதால் மறுநாள் முதல் வாயில் கவ்விக்கொண்டு வந்தார். பிப் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து அதைப் பதமாக வாங்கிக்கொண்டு வாலை ஆட்டியது. இத்தெலுக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புதருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸைப் பால் லாரிக்காரர் பார்த்துவிட்டு ஊரில் சொன்னார். போதகருக்குச் சேதி போய்ச் சேர்ந்தபோது அது ஜெபமாக மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் போதகர் கண் கலங்கி, "நம்மிடையே ஒருவர் முட்களின் நடுவே முழங்காலில் நிற்கிறார்" என்றார். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் மெத்தைத் தலையணைகளோடு வந்து பிப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்கள்.

உள்ளே ஒரு முள் ஏறியது. "ஐயோ, ஆண்டவரே!" என்றார் இத்தெல்.

"ஆமென்," என்றார்கள் இருவரும்.

அவர்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ஆகவே தவழும்போது உண்மையிலேயே ஜெபிக்கத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்தப் பயலுக்கு நல்ல புத்தி கொடும். என்னைச் சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார வைத்துவிடாதேயும்."

நாளாக ஆக அவர் கைதேர்ந்துவிட்டார். புதரிலிருந்து கால்பந்து ஒன்று, அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒன்று, போன வருஷம் காற்றில் பறந்த போதகரின் தொப்பி எல்லாம் வெளியே வந்தன. பண்ணைக்காரர் கெதின் போன் செய்தார்.

"மூப்பரே, என் ஆடு ஒண்ணு புதர்ல மாட்டிக்கிச்சு. கொஞ்சம் வர்றீங்களா?"

"இதோ, பிப்பையும் கூட்டிட்டு வந்துடறேன்."

"அதெதுக்குங்க? நீங்க மட்டும் வந்தாப் போதும்."

அந்தச் சனிக்கிழமை வந்தது. ஓடையோரத்துப் பெரிய முட்புதரின் முன்னால் தெக்வென் நின்றார். நல்ல வெயில். ஆனாலும் அவர் மேல்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

"அனுப்புங்க, மூப்பரே."

இத்தெல் கையை நீட்டி ஏவினார். பிப் புதர்வரை ஓடியது, உட்கார்ந்தது, திரும்பிப் பார்த்தது. இத்தெலின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின.

"நீங்க இல்ல! நாயி! நாயி போகணும். கையை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள வைங்க."

வைத்துக்கொண்டார். பிப் ஒரு முறை குரைத்தது. அதுதான் அவருக்குப் பழக்கமான ஏவல். அசையாமல் நிற்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

பிப் பெருமூச்சு விட்டது. வேலைக்காரன் வராத நாளில் தானே பாத்திரம் கழுவப் போகும் எஜமானைப் போல எழுந்தது. அப்புறம் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அடுத்த நொடி காது, வால் எல்லாமே முள்ளுக்குள் மறைந்தன. உள்ளே கிளைகள் நொறுங்கின. தகரத்தைத் தட்டியது போன்ற கூச்சலோடு ஒரு ஃபெசன்ட் சேவல் வானத்தில் எகிறியது. பின்னாலேயே பிப் தலையை நீட்டியது. உலகத்தில் இப்படி ஒன்று இருப்பதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற முகம். யாரும் சொல்லாமலே மறுபடி உள்ளே பாய்ந்தது.

"போகுதே," என்றார் தெக்வென். "வர்ற சனிக்கிழமை எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்துடுங்க. லேட்டா வந்தா சூப்பு கிடையாது."

தெக்வென் போன பிறகும், நேற்றுவரை போகாத நாய் இன்றைக்கு எப்படிப் போனது என்று இத்தெலுக்கு மனசு ஆறவில்லை. பிப்பை உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே தவழ்ந்து போனார். யாரோ தனக்கு முன்பே தவழ்ந்த தடம் இருந்தது. இலைகளின்மேல் சீஸ் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பாதி வழிக்கு மேல் தொடப்படவே இல்லை. பறவையைக் கண்ட பிறகு பிப் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முள்ளில் கடுகு நிறக் கம்பளி நூல் ஒரு கொத்து தொங்கியது. அந்த நிறத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் உண்டு. அதன் கை எவ்வளவு கிழிந்திருக்கும் என்பதும், மேல்கோட்டு ஏன் கழற்றப்படவில்லை என்பதும் அவருக்கு அங்கேயே விளங்கின.

குப்புறக் கிடந்தபடி கொஞ்ச நேரம் ஸ்தோத்திரம் சொன்னார். நூலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மிச்சச் சீஸைத் தானே தின்றார். தெக்வெனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசினால் அந்தப் பெண் கூச்சத்தில் செத்துவிடுவார்.

ஜனவரியில் தெக்வென் முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். பறவைகளுக்குக் கோதுமை போடும் பீப்பாய்கள் அடர்ந்த புதர்களின் நடுவில் இருந்தன. அவை காலியானால் பறவைகள் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்விடும். அந்தப் பழி காவலர் தலையில்தான் விழும்.

விடியும் முன்பே இத்தெல் எழுந்தார். குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டார். கோதுமைச் சாக்கைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டு, புதர் புதராகத் தவழ்ந்து ஒவ்வொரு பீப்பாயையும் நிரப்பினார். கடைசி மூடியை அழுத்தி அடைத்துவிட்டு, உதட்டில் ஒட்டிய கோணி நாரைத் துப்பினார். பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அவர் வந்த தடம் ஏற்கெனவே பாதி மறைந்திருந்தது. காலிச் சாக்கை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, பிப்புக்குச் சாப்பாடு வைக்க வீட்டைப் பார்த்து நடந்தார்.