எட்டாவது பெயர்

ஹவில்தார் நாகப்பன் இறந்த மறுநாள் சாயங்காலம், ஒரகடத்தில் அவர் வீட்டு வேலிக்கு வெளியே, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு மட்டும் மழை பெய்தது. 1991, மாசி மாதம். நாலு பக்கமும் புழுதி, நடுவில் ஒரு முழம் சேறு. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து கையை நீட்டிப் பார்த்து, ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மழைக்குள் நிற்பது யார் என்று வாசலில் நின்ற சந்திரம்மாளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருஷம் சோறு போட்டவளுக்குப் புருஷனைத் தெரியாதா? அவர் ஏன் உள்ளே வரவில்லை என்பதும் தெரியும்.

நாகப்பன் 1941-ல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். அங்கே ஒரு ஆற்றைக் கடக்கும்போது அவர் பொறுப்பிலிருந்த ஏழு சிப்பாய்கள் செத்தார்கள். நாற்பத்தாறில் விடுப்பில் வந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது ஏழு பேரும் கூடவே இறங்கினார்கள். டிக்கெட் பரிசோதகர் எட்டுப் பேர் என்று எண்ணி, ஏழு பேருக்குக் காலடியில் நிழல் இல்லாததைக் கவனித்து, ஒரே ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கே இருந்தாலும், விளக்கு வைக்கும் நேரத்தில் நாகப்பன் விறைப்பாக நின்று, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஏழு பெயரையும் கூப்பிடுவார். ஏழு இடத்திலிருந்து ‘ஆஜர்’ என்று குரல் வரும். அப்புறம்தான் அவர் சாப்பிட உட்காருவார்.

கல்யாணமான புதிதில் சந்திரம்மாள் நடுங்கித்தான் போனாள். அவள் கிணற்றடிக்குக் குளிக்கப் போனால் நாகப்பன் ஏழு பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிக் கட்டளை போடுவார். போகப் போகப் பழகிவிட்டது. அவர் டில்லியில் இருந்தபோது பிறந்த மகன் டில்லிபாபுவுக்கு அம்மை கண்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆள் மாறி மாறி, ஏழு குளிர்ந்த உள்ளங்கைகள் அவன் நெற்றியில் காவல் இருந்தன. அறுபத்தொன்றில் பென்ஷனோடு வந்த நாகப்பன் மகள் ரத்னாவுக்குத் தானே தலை பின்னிவிட்டார். பட்டாளத்து முடிச்சு, இரண்டு நாளானாலும் அவிழாது. அவள் கல்யாணத்தன்று பந்தல் கால் இரண்டு முறிந்தும், கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை பந்தல் சாயவில்லை.

அறுபத்தைந்தில் ஒருமுறை அவர் டைபாய்டில் நினைவில்லாமல் கிடந்தார். ஒன்பது நாள் பெயர் கூப்பிட ஆளில்லை. ஏழு பேர் தலையிலும் தனித்தனியாக மழை இறங்கியது. ஆறு பேர் வேலியோரம் சேர்ந்து நின்று தப்பித்தார்கள். ராஜாமணி என்பவன் மட்டும் தன் மழையோடு ஏரிப்பக்கம் நடந்துவிட்டான். காய்ச்சல் விட்டு நாகப்பன் கூப்பிட்டதும் திரும்பி வந்தான். ஆனால் அவனுக்குச் சொந்த ஊர் மறந்திருந்தது, பெற்றவள் முகம் மறந்திருந்தது. கரைந்தது கரைந்ததுதான், பிறகு அவனுக்கு அது திரும்பவே இல்லை.

சாவதற்கு முந்தின வாரம் நாகப்பன் அந்த நோட்டில் எட்டாவதாகத் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மனைவியிடம் நீட்டினார்.

“சார்ஜ் உன்கிட்ட குடுத்துட்டேன். இனிமே நீதான் கூப்புடணும்.”

பட்டாளத்து ஒழுங்கு அது. சார்ஜ் யாரிடமோ, அவர் குரலுக்குத்தான் பதில் வரும். எல்லாவற்றையும் யோசித்த மனுஷன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சந்திரம்மாள் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. நாகப்பழத்தைக்கூடக் கறுப்புப் பழம் என்பாள். அந்த மாதம்தான் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதற்கு, “படமெடுக்குமே, அதோட அப்பன்” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆக, அவர் போன மறுநாள் முதல்முறையாக நோட்டைப் பிரித்து ஏழு பெயரைக் கூப்பிட்டாள், ஏழு ஆஜர் வந்தது. எட்டாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நோட்டை மூடினாள். வேலிக்கு வெளியே மழை பிடித்தது.

இரண்டாம் நாள் அந்த மழை புளியமரத்தடிக்கு நகர்ந்தது. “டில்லிபாபு அப்பா!” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நோட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. மூன்றாம் நாள் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து வந்த டில்லிபாபு, “நீ வுடும்மா, நான் கூப்புடுறேன்” என்று தொண்டை கிழியக் கத்தினான். சார்ஜ் அவனிடம் இல்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“பேர சொன்னா புருஷன் ஆயுசு கொறையும்னுதான பயம்? இனிமே கொறையறதுக்கு இன்னா கீது சந்திரா?”

அதுதான் சந்திரம்மாளால் தாங்க முடியாத கேள்வி. பெயரைச் சொல்லிவிட்டால், குறைவதற்கு ஆயுசு மிச்சமில்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிணத்தைத் தூக்கியபோதுகூட அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் மழை சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஏறி, ஸ்டேஷன் பக்கமாக நடக்க ஆரம்பித்தது. சந்திரம்மாள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்கப் பக்கத்தில் போய் நின்றதும் மழை நடையை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து, பழக்கமில்லாத பெண்பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு, அவள் புருஷன் குரல் கேட்டது.

“ஏம்மா, ஸ்டேஷனுக்கு இப்படித்தான போவணும்?”

நடுரோட்டில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, சந்திரம்மாள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“நாகப்பன்!”

“ஆஜர்.”

மழை நின்றது. சந்திரம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்து, நாலு நாளாக அழாத அழுகையை அழுதாள். பிறகு முன்னால் நடந்தாள். பின்னால் ஈரமான பூட்ஸ் சத்தம் வீடுவரை வந்தது.

அதற்குப் பிறகு ஒரகடத்தில் நிலம் அளந்தார்கள், கார் கம்பெனி வந்தது, லாரி கம்பெனி வந்தது. சாயங்கால ஷிப்ட் பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது டிரைவர்கள் ஹாரன் அடிப்பதில்லை, உள்ளே பெயர் கூப்பிடுவது கெட்டுவிடும் என்று. நாகப்பனுக்கு மகன் நினைவிருந்தது, மகள் நினைவிருந்தது, பர்மா ஆற்றின் ஆழம்கூட நினைவிருந்தது. பெண்டாட்டி நினைவைத்தான் மழை கொண்டுபோய்விட்டது. தினமும் எட்டு ஆஜரும் வந்து முடிந்ததும் எட்டாவது குரல் தயங்கித் தயங்கிக் கேட்கும்.

“நீங்க யாரும்மா?”

“சார்ஜ் எங்கிட்டதான் கீது நாகப்பன்,” என்பாள் சந்திரம்மாள். “டீ ஆறுது, குடிங்க.”