நாற்பதாம் எண் கணினி

கேபிளின் இரண்டு முனைகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு முனை என் மடிக்கணினியில் இருந்தது, மறுமுனை அண்ணனின் பழைய கணினியில். என் மடிக்கணினியில் இணையம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதை அடுத்த கணினியோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லி டிக்கும் போட்டாயிற்று. ஆனாலும் ஒரு முழம் தள்ளியிருந்த அண்ணனின் கணினி, இணையம் இல்லை என்றே சாதித்தது.

விளக்கு எரிகிறதென்றால் கம்பியில் குறையில்லை. பிறகு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது? எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணனுக்குப் பல் செட் செய்யும் தொழில். பட்டறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வாடிக்கையாளரின் வாயில் எடுத்த அச்சை வைத்துக் கணினியில் பல்லை வரைவார்; பக்கத்தில் இருக்கும் இயந்திரம் அதைச் செதுக்கித் தரும். அந்த வரைபடச் செயலிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாதம் ஒருமுறை இணையம் வழியாகத் தன் கம்பெனியிடம் அனுமதி கேட்கும். கிடைக்காவிட்டால் இயந்திரத்தை அசையவே விடாது. அந்த மாதத்து அனுமதி நாள் அன்றைக்குத்தான். பட்டறைக்கு இணையம் தரும் மோடமோ காலையில் செத்துவிட்டது.

எதனால் செத்தது என்று திறந்து பார்த்ததுதான் நான் செய்த தவறு. உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் கரப்பான்கள் குடித்தனம் வைத்திருந்தன. முட்டைக் கூடுகள் பயறு பயறாக ஒட்டியிருந்தன. பெரிய கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிவிட்டு, சாவகாசமாக என் மணிக்கட்டில் ஏறிப் போயிற்று. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். லிஃப்ட் குழிகளில் செத்த எலிகளைக் கையால் அள்ளியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் வராத குமட்டல் இங்கே வந்தது.

அங்கே எதைத் தொட்டாலும் குமட்டியது. விசைப்பலகையில் இளஞ்சிவப்பு மெழுகும் அச்சு வார்க்கும் ஜிப்சம் தூளும் வியர்வையில் குழைந்து மேலோடாகக் காய்ந்திருந்தன. இடுக்குகளில் ரொட்டித் துணுக்கு, வெட்டிய நகம். பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு டம்ளர்கள். ஒன்றில் யாருடைய பழைய பல் செட்டோ ஊறிக்கொண்டிருந்தது, மற்றதில் அண்ணனின் தேநீர். அவர் பார்க்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் குடித்தார். சரியான டம்ளர்தான். ஆனாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி இந்தப் படிகளில் இறங்கி நாலு வருடமாகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

சுவரோர நாற்காலியில், வாயைக் கைக்குட்டையால் மூடியபடி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவர், தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கும் குரல் தேர்வு அன்று மாலை நான்கு மணிக்கு. முன்பற்கள் ஆறு விழுந்து மூன்று வாரமாகிறது. பல்லில்லாமல் பேச வெட்கப்பட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது மணி பதினொன்றேகால். செதுக்க இரண்டரை மணி நேரம், மெருகேற்றிப் பொருத்த ஒரு மணி நேரம். பன்னிரண்டுக்குள் இயந்திரம் ஓடத் தொடங்க வேண்டும்.

அடித்தளத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. மாடியிலிருக்கும் பல் மருத்துவமனையின் வைஃபை மட்டும் படிக்கட்டு வழியாகக் கொஞ்சம் கசியும். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினேன். அண்ணனின் கணினியிலோ வைஃபையைப் பிடிக்கும் பாகமே இல்லை. அதனால்தான் என் மடிக்கணினியை நடுவில் நிறுத்தினேன். அது ஒரு நல்ல ஏற்பாடு. பழைய கணினி கேட்பதை மடிக்கணினி கேபிள் வழியாக வாங்கி, தன் பெயரில் வைஃபையில் அனுப்பும். வரும் பதிலை மறக்காமல் உரியவரிடம் சேர்க்கும். டிக் போட வேண்டியது இணையம் உள்ளே வரும் வைஃபை பக்கத்தில், கேபிள் பக்கத்தில் அல்ல. பலர் சறுக்கும் இடம் அது. நான் மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறியே, வாலு. தட்டு ஒரு தட்டு, வேலை செய்யும்" என்றார் அண்ணன்.

"தட்டினா உள்ளேயிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கி வருவாங்க அண்ணே. உங்க வீட்டு விருந்தாளிங்க, நீங்களே கூப்பிட்டுக்குங்க."

அறிவிப்பாளர் அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'பன்னிரண்டு வருஷமா தற்காலிகம். இன்னைக்கு விட்டா வயசு வரம்பு தாண்டிடும்.'

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அப்போதுதான் கணினியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரைக் கவனித்தேன். கொட்டை எழுத்தில் 40 என்று இருந்தது. அலமாரியில் இருந்த அச்சுப் பெட்டிகளிலும் அதே மாதிரி ஸ்டிக்கர்கள். என்னவென்று கேட்டேன்.

"பட்டறையில எல்லாத்துக்கும் நிரந்தர நம்பர் உண்டு. கம்ப்யூட்டர் வாங்கினப்போ வந்த ஆள்கிட்ட, இதுக்கும் நாற்பதுன்னே போட்டுடுங்க, மாறவே கூடாதுன்னு சொல்லிட்டேன். மாறினா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்."

என்ன ஆகுமென்று அவரே சொன்னார். பல வருடம் முன்பு இரண்டு பெட்டிகள் மாறி, பழுதுக்கு வந்திருந்த இரண்டு செட்டுகள் ஆள் மாறிப் போய்விட்டன. இரண்டு பெரியவர்கள் ஒரு வாரம் ஒருவர் பல்லை ஒருவர் மாட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர், கொஞ்சம் உறுத்துகிறது என்று மட்டும் சொன்னாராம்.

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அறிவிப்பாளர் அம்மா நோட்டில் 'என் பெட்டி எத்தனை?' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

குமட்டல் அடங்குவதற்குள் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கணினிகளுக்கும் வீட்டு முகவரி மாதிரி எண் உண்டு. முன்பகுதி தெரு, கடைசிப் பகுதி கதவு எண். கணினி வாங்கியபோது வந்த ஆள் ஸ்டிக்கரோடு நிற்காமல், அந்தக் கதவு எண்ணையும் நாற்பது என்றே நிலையாகப் பதித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அண்ணனின் கணினி, செத்துப்போன மோடத்தின் தெருவில் நாற்பதாம் கதவில் ஆணியடித்து உட்கார்ந்திருந்தது. கேட்டதையெல்லாம் அந்த மோடத்திடமே கேட்டது. ஆனால் பகிர்வை இயக்கியதும் என் மடிக்கணினி கேபிள் பக்கத்தில் புதிதாக வேறொரு தெருவைத் திறந்திருந்தது. பச்சை விளக்கு சொன்னதெல்லாம் கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்று அது சொல்லவே இல்லை.

"இந்த நாற்பதை எடுத்துடுறேன் அண்ணே."

"அது மட்டும் ஆகாது."

"பல்லுக்கு நம்பர் மாறினாத்தான் அசிங்கம். இதுக்கு மாறாம இருந்தாத்தான் அசிங்கம். அந்த அம்மாவைப் பாருங்க. பன்னிரண்டு வருஷம்."

அண்ணன் பார்த்தார். நோட்டு இன்னும் அவர் பக்கமே நீண்டிருந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, சரியென்று தலையை ஆட்டினார்.

மெழுகு கிளறும் மரக்குச்சி ஒன்றைக் காகிதத்தால் சுற்றி, அதன் முனையால் விசைகளை அழுத்தினேன். விரலை வைக்க மனம் வரவில்லை. கணினியின் பிணைய அமைப்பைத் திறந்து, 'இந்த முகவரியையே பயன்படுத்து' என்பதிலிருந்த புள்ளியை எடுத்து, 'முகவரியைத் தானாகப் பெறு' என்பதில் வைத்தேன். அதன் கீழே, இணையப் பெயர்களை எண்ணாக்கித் தரும் சேவையகத்தின் முகவரிக்கும் அதே மாதிரி. பத்து விநாடி ஆயிற்று. மடிக்கணினி தன் தெருவில் ஒரு கதவு எண்ணைக் கொடுத்தது. செயலி அனுமதி கேட்டது, வந்துவிட்டது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

அண்ணன் புது ஸ்டிக்கரும் பேனாவுமாக வந்து நின்று, இப்போது என்ன நம்பர் என்று கேட்டார். எழுத வேண்டாம், நாளைக்கே மாறலாம் என்றேன். பெட்டி பதினேழின் ஆறு பற்களை இயந்திரம் செதுக்கத் தொடங்கியது. நான் படியேறிப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, மூன்று முறை கழுவினேன்.

வைஃபை பக்கத்தில் பகிர்வுக்கு டிக், நடுவில் ஒரு கேபிள், மறுபக்கத்துக் கணினி தன் முகவரியைத் தானாகப் பெற வேண்டும். அவ்வளவுதான்.