சின்னவளின் லென்ஸ்

என் ஓரகத்தி புது லென்ஸ் வாங்கப் போகிறாள் என்ற செய்தியை மாமியார்தான் சொன்னார், அதுவும் எனக்குப் பரிமாறிக்கொண்டே.

"சின்னவ ஏதோ பெரிய லென்ஸ் வாங்கப் போறாளாம். நீயும் கூடப் போயிட்டு வா பெரியவளே. உனக்குத்தான் அதெல்லாம் அத்துப்படி."

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீட்டில் படம் எடுப்பவர்கள் இரண்டு பேர். விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. காலி அறை, கழுவித் துடைத்த சிங்க், யாரும் படுக்காத கட்டில், இதுதான் நான் பார்க்கும் உலகம். சின்னவள், என் கணவரின் தம்பி மனைவி, பாங்க் வேலையை விட்டுவிட்டுப் போன வருடம்தான் கேமராவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் பூவையும் குருவியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நேராக வந்து என் பிழைப்பிலேயே கை வைத்தாள். அதையாவது பொறுத்துக்கொள்வேன், நன்றாக வேறு எடுத்தாள். "அவளுக்கு நல்ல கண்ணு இருக்கு" என்று என் கணவரே ஒரு நாள் சொன்னார். அப்போது என் முகத்தில் இருப்பதெல்லாம் என்ன, பொத்தானா?

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆர்க்கிடெக்ட் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். குருவிக்கூடு மாதிரி சின்னச் சின்ன வீடுகளாக ஒரு முழு அடுக்குமாடியே கட்டியிருந்தார். மாதிரி வீட்டை ஒரே காலையில் இருவரும் எடுத்துக் காட்ட வேண்டும். யார் எடுத்த படம் அந்த அம்மாவுக்குப் பிடிக்கிறதோ அவருக்கு அந்தக் கட்டடம் மட்டுமில்லை, இனி அந்த அம்மா கட்டப்போகும் எல்லாமும். தரகர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சும் என் அலைச்சல் அதோடு முடிந்துவிடும். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட பயமாக இருந்தது, அவ்வளவு வேண்டியிருந்தது.

"யாருக்குக் கிடைச்சா என்னக்கா, நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றாள் சின்னவள். கிடைத்துவிடும் என்ற தைரியம் உள்ளவர்கள்தான் இப்படிப் பெருந்தன்மையாகப் பேசுவார்கள்.

என்னிடம் இருந்தது யாரோ கைமாற்றிவிட்ட பழைய லென்ஸ். அதன் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை ஊதித் தொளதொளத்துப் போனதால், அது நழுவாமல் இருக்கக் காய்கறிக் கட்டிலிருந்து எடுத்த தடித்த ரப்பர் பேண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். சாதாரண அறைக்கு அது காட்டும் அகலம் போதும். குருவிக்கூட்டுக்குப் போதாது. சின்னவள் வாங்கப்போவதோ அகலக்கோண ஜூம். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலே அறை முழுவதையும் வாரி எடுத்துவிடும்.

கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்து வெந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து லென்ஸை என் கையில்தான் முதலில் கொடுத்தார், நான் பழைய வாடிக்கை என்பதால். ஜூம் வளையத்தைத் திருகினேன். தயிரில் கரண்டி போவது போல் அப்படி ஒரு வழுக்கல். என் லென்ஸைத் திருகினால் மணல் அரைபடும் சத்தம் கேட்கும். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்தேன்.

"அக்கா, கூட என்னென்ன வாங்கணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

தூசி ஊதும் பம்பு, துடைக்கும் துணி, பஞ்சு வைத்த உறை, கேமரா சாயாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ரசமட்டம், எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஃபில்டர் விஷயத்தில்தான் சாத்தான் வந்து என் நாக்கில் உட்கார்ந்தான்.

"முன்கண்ணாடியில கீறல் விழாம இருக்க ஒரு ஃபில்டர் போடு. அதுக்கு மேலேயே டைல்ஸ் பளபளப்பக் குறைக்கிற ஃபில்டர் ஒண்ணு. ரெண்டும் கட்டாயம் வேணும்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இவ்வளவு அகலமான லென்ஸுக்கு ஒண்ணு மேல ஒண்ணு போட்டா..."

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன்.

"சரி, அப்ப மெல்லிசு ஒண்ணு இருக்கு, அதையாவது..."

"தடிமனானதுதான் உழைக்கும். அதையே கொடுங்க."

அவர் தடிமனான இரண்டை எடுத்து வைத்தார். இரண்டையும் நானே ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். அகலத்தின் கடைசி வரை போனால் அந்த இரண்டு வளையங்களின் விளிம்பும் படத்துக்குள் வந்து நான்கு மூலையும் கறுத்துப்போகும். நன்றாக எடுக்கிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாவிட்டால் அது என் தப்பா? வீடு வரும்வரை இப்படியே எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

மறுநாள் காலை மாதிரி வீடு. குளியலறையில் ஒருவர் பல் விளக்கினால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு பெரிசு. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் கூடத்தில் விழுந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆர்க்கிடெக்ட் அம்மா லேப்டாப்போடு சமையல் மேடை ஓரமாக நின்றுகொண்டார்.

சின்னவள் முதலில் எடுத்தாள். ஜூமை அகலத்தின் கடைசி வரை விட்டுத்தான் எடுத்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் கரி பூசினாற்போல் கறுப்பு. அந்தச் சின்னத் திரையில், அந்த வெளிச்சத்தில், அவள் அறையின் நடுவைத்தான் பார்த்தாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இதையும் மறைக்கப் போவதில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு என் முறை. கூடம் வந்தது, படுக்கையறை முக்கால்வாசி வந்தது. குளியலறையில் கதவோடு கதவாக ஒட்டி நின்றும் குழாய் வந்தால் கண்ணாடி வரவில்லை, கண்ணாடி வந்தால் குழாய் வரவில்லை.

ஆர்க்கிடெக்ட் அம்மா பொறுமையிழந்தார். "ரெண்டும் ஒரே கம்பெனி கேமராதானே? அவங்க லென்ஸ மாட்டிப் பாருங்களேன். எனக்கு எடுக்கிறவங்க கையத்தான் பார்க்கணும், லென்ஸ இல்ல."

"ஆமாக்கா, இந்தாங்க" என்று சின்னவள் அடுத்த நொடியே கழற்றி நீட்டினாள். நானாக இருந்தால் பாத்ரூமுக்குப் போகிற சாக்கில் அதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

வாங்கி மாட்டினேன். அப்போதுதான் உறைத்தது. ஃபில்டர்களோடு எடுத்தால் என் படத்திலும் அதே கறுப்பு. ஜூமைக் கொஞ்சம் இழுத்தால் கறுப்பு போகும், கூடவே கண்ணாடியும் குழாயும் போகும். கழற்றினால், அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

வேலைதான் ஜெயித்தது. ஃபில்டரைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. மறுபடி திருகினேன். விரல் வழுக்கியது. நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியவளும் நான்தானே.

"ஏன்க்கா கழட்டுறீங்க? ரெண்டும் கட்டாயம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த வெளிச்சத்துக்கு வேண்டாம்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியில் என் பழைய லென்ஸிலிருந்து ரப்பர் பேண்டை உருவி ஃபில்டர் விளிம்பில் சுற்றினேன். அது கொடுத்த பிடிமானத்தில் இரண்டும் சேர்ந்தே கழன்றன. வெறும் லென்ஸோடு குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். கண்ணாடி, குழாய், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு வானம், அத்தனையும் வந்தன. கூடத்தையும் படுக்கையறையையும் மறுபடி எடுத்தேன். கூச்சப்படாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி எடுத்ததில்லை. முடிக்கும்போது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது, இனி யாரும் மறுபடி எடுப்பதற்கில்லை.

லேப்டாப்பில் இருவர் படங்களும் பக்கம் பக்கமாக விரிந்தன.

"உங்க ஆங்கிள் எல்லாம் ரொம்ப நல்லாருக்கு" என்று ஆர்க்கிடெக்ட் அம்மா சின்னவளிடம் சொன்னார். "ஆனா ஏன் மூலையெல்லாம் கறுப்பா இருக்கு? இத வெட்டினா ரூமே போயிடுமே."

சின்னவள் திரையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். ரப்பர் பேண்டு சுற்றிய அந்த இரண்டு ஃபில்டரும் இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தன. ஒரு வார்த்தை போதும், என் மானம் அந்தச் சமையல் மேடையிலேயே போயிருக்கும்.

"எனக்கும் தெரியலைங்க" என்றாள். "லென்ஸ் புதுசு. இன்னும் பழகல."

வேலை எனக்குக் கிடைத்தது. அந்த அம்மா கைகுலுக்கியபோது நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

படியிறங்கும்போது நான்தான், வெயில் அதிகம், ஆட்டோ கிடைக்குமா என்று உளறிக்கொண்டே வந்தேன். தெருவுக்கு வந்ததும் சின்னவள் கை நீட்டினாள். லென்ஸைக் கொடுத்தேன். ஃபில்டர்களையும் நீட்டினேன். லென்ஸை மட்டும் எடுத்துத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்தாள்.

"அது நீங்களே வெச்சுக்கோங்கக்கா. நீங்க பார்த்துப் பார்த்து வாங்கினது."

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வீட்டுக்கு வந்து என் பழைய லென்ஸில் அவற்றை வைத்துப் பார்த்தேன். அளவு சேரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மாமியாரிடம், "அக்காவுக்குக் கிடைச்சிடுச்சு அத்தை, ரொம்ப நல்லா எடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்ல எனக்கு வந்திருக்குமா என்று யோசித்தேன். வராது. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.