கல்லில் இருந்த பெயர்

தவரத்தினத்தின் கடை பிரான்சில், ரூ பெர்தொனே என்ற தெருவில் நகைக்கடை ஒன்றுக்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. மிருணாளினி உள்ளே வந்தபோது அவர் பழைய வாடிக்கையாளர் இஞ்ஞாசிக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் மகள் அந்தப் பக்கம் வருவதில்லை. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அப்பா, இங்கிலாந்திலையிருந்து பதில் வந்திருக்கு."

அவருடைய கை தராசிலேயே நின்றது. கல்லாவில் இருந்த அவர் மனைவி சாரதாதேவி நிமிரவில்லை.

மகன் பிரசாந்தன் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தாயும் தங்கையும் பிரான்சுக்கு வந்தபோது அவனுக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. குடும்ப விசாவில் அவனுக்கு இடமில்லை. பிறகு ஏஜென்சி பிடித்துக் களவாக வந்தான். பப்பியே என்கிற வதிவிட அனுமதித் தாள் கிடைக்கவில்லை. லொறி ஒன்றில் ஒளிந்து இங்கிலாந்துக்குப் போனான். நோஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் வயலில் முட்டைக்கோவா வெட்டுவதாகவும், ஞாயிற்றுக்கிழமையில் தேவாலய மணி படுக்க விடுவதில்லை என்றும் தொலைபேசியில் சொன்னான். கிராமத்தின் பெயர் அவன் வாயில் சரியாக வரவில்லை. அந்த மாரிகாலத்தோடு அழைப்பு நின்றுபோனது.

தவரத்தினம் எழுதாத இடமில்லை. எல்லாக் கடிதத்திலும் ஊரில் எழுதுவதைப் போலவே, தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டு, 'த. பிரசாந்தன்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். பிரசாந்தன் என்ற குடும்பப் பெயரில் யாரும் இல்லை என்றே பதில் வந்தது.

போன மாதம் தன் அலுவலக அட்டையைப் பார்த்தபோதுதான் மிருணாளினிக்கு உறைத்தது. அதில் பெரிய எழுத்தில் இருந்தது அப்பாவின் பெயர். இங்கே அதுதான் குடும்பப் பெயர். அண்ணனின் தாள்களிலும் அப்படித்தான் இருந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் முன்னோரைத் தேடுவதற்காகக் கிராமத்துக் கல்லறைகளைப் படம் பிடித்துப் போட்டிருந்த ஓர் இணையத்தளத்தில் அப்பாவின் பெயரைக் கொடுத்துத் தேடினாள். ஒரேயொரு கல் வந்தது. அந்தத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாருக்கு எழுதினாள்.

அவள் கைபேசியை நீட்டினாள். தவரத்தினம் கண்ணாடியைத் தேடுவதற்குள் இஞ்ஞாசி குனிந்து படத்தை வாசித்துவிட்டார்.

"மிஸ்டர் தவரத்தினம், இந்தத் தேவாலயப் பங்கில் இறந்தார்... என்ன தவம், உமக்கு அங்கை கல்லும் வைச்சிட்டாங்கள்! நீர் இஞ்சை நிண்டு முத்தல் முருங்கைக்காய் விக்கிறீர்!"

யாரும் சிரிக்கவில்லை. இஞ்ஞாசி மிருணாளினியின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கரவன் வண்டி ஒண்டுக்குள்ளை காய்ச்சல் கண்டு கிடந்தவராம்," என்றாள் மிருணாளினி. "கூட இருந்த ஒருத்தருக்கும் பப்பியே இல்லை, பயத்திலை ஓடிட்டினம். சட்டைப் பையிலை நனைஞ்ச தாள் ஒண்டு. அதிலை அந்தப் பேர் மட்டும்தான் தெரிஞ்சுதாம். ஊர்ச்சனம் சேர்ந்து அடக்கம் செய்திருக்குது." கைபேசியை அப்பாவின் பக்கம் திருப்பினாள். "அந்த அம்மையாருக்கு வாற மெயில் எல்லாம் முப்பாட்டனைத் தேடித்தானாம், அப்பா. மகனை ஒருத்தரும் தேடினதில்லையாம். கல்லிலை கீழை இடம் கிடக்காம். அண்ணாவின்ரை பேரைக் குடுத்தால் வெட்டுவினமாம்."

"அது உங்கடை பேர்," என்றாள் சாரதாதேவி.

"சாரதா..."

"சாவகச்சேரியிலை மட்டும் நாலு தவரத்தினத்தை எனக்குத் தெரியும். என்ரை பிள்ளையின்ரை பேர் அதிலை எங்கை கிடக்கு? காட்டுங்கோ!"

"அம்மா, வயதும் சரி, வருசமும் சரி..."

"நீ வாயை மூடு. ஆரோ ஒருத்தன்ரை கல்லைப் பாத்து என்னை அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லுறியோ?"

இஞ்ஞாசி வாங்கியதை எடுக்காமலே வெளியே போனார். வெற்றிலை கேட்டு ஒரு பெண் வந்தாள். சாரதாதேவி காசை வாங்கினாள், மீதியைக் கொடுத்தாள், "வேறை என்ன பிள்ளை?" என்றுகூடக் கேட்டாள். தவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. யாரோ ஒரு சாடியில் மஞ்சள் பூ வைத்திருந்தார்கள். தன் பெயரை இவ்வளவு அழகான எழுத்தில் அவர் எங்கும் கண்டதில்லை.

"அப்பா, நான் வேலைக்குத் திரும்போணும். என்ன எழுத?"

"ஒண்டும் வெட்ட வேண்டாமெண்டு எழுதுவமே, சாரதா?" என்று கேட்டார்.

அவள் வெற்றிலைக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, பேரை எழுது. அனுப்பாதை," என்றார் மகளிடம்.

மிருணாளினி எழுதினாள். எழுதியதை அப்பாவிடம் காட்டத் திருப்பியபோது, ஈரக் கையோடு பின்னால் வந்து நின்ற சாரதாதேவி எட்டிப் பார்த்தாள்.

"கடைசியிலை 'என்' எழுத்து வரும். விட்டிட்டாய்," என்றாள். "பிழையாய் வெட்டிப்போடுவாங்கள்."

இந்த வாக்குவாதத்தில் மனைவி வென்றுவிட வேண்டும் என்று தான் எவ்வளவு வேண்டிக்கொண்டு நின்றார் என்பது தவரத்தினத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

மிருணாளினி அந்த எழுத்தைச் சேர்த்தாள்.